லொறி இல்லாத கல்வெட்டு

நாகேந்திரம் செத்து இருபத்துநாலாம் நாள் பெரிய மனிதராகிவிட்டார். உயிரோடு இருந்த எழுபத்துநாலு வருடத்தில் அவருக்குக் கைகூடாத அந்தக் காரியத்தை, பெண்சாதியின் தமையன் கிருஷ்ணராஜ் நாலே நாலு பக்கத்தில் செய்து முடித்திருந்தார்.

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் நாலாம் மாடி வீடு. முன்னறையில் நாகேந்திரத்தின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து மதியபோசனத்துக்கு வருகிறவர்களிடம் ஆளுக்கொன்றாகக் கொடுக்க ஒரு நினைவு மலர் அடிக்கவேண்டும். எங்கள் சனம் அதைக் கல்வெட்டு என்று சொல்லும். உண்மையாகவே கல்லில் வெட்டுவதென்றால் இவ்வளவு பொய்க்கு உளி தாங்காது. அதனால்தான் கடதாசியில் அடிக்கிறார்கள் போலும்.

கிருஷ்ணராஜ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தான் எழுதிய வாழ்க்கை வரலாற்றை வாசித்தார். மாவட்ட அரசாங்கக் கந்தோரான கச்சேரியில் முப்பத்தைந்து வருடம் நிர்வாக உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னாலும் சுற்றுநிருபம் வாசிப்பதுபோலத்தான் கேட்கும்.

“சைவமும் தமிழும் தழைத்தோங்கும் அளவெட்டிப் பதியின் மருகராய் வந்து வாய்த்த அன்னார், போக்குவரத்துத் துறையில் நீண்டகாலம் பணியாற்றி, பெரியோர்களால் நிச்சயிக்கப்பட்டவாறு சிவமணியைக் கரம்பற்றி...”

உள்ளறைக் கட்டில் ஓரத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த சிவமணிக்கு, யாரோ அயல்வீட்டுக்காரரின் சாவீட்டுக்கு வந்து இருப்பதுபோல் இருந்தது. கரம்பற்றினாராம். தொடர்ந்து கேட்டாள். அன்னார் நாள் தவறாது ஆலயம் தொழுதார். அன்னார் அதிர்ந்து பேசியறியார். தொண்ணூற்று மூன்றில் மைத்துனர் கிருஷ்ணராஜ் கொழும்புக்கு வந்து சேர்ந்த பிறகு, அன்னார் அவரது அறிவுரைகளின் வழி நின்று பிள்ளைகளை ஆளாக்கினார்.

அதற்கு மேல் அவளுக்குப் பொறுக்கவில்லை. எழும்பி வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“லொறி எங்கை அண்ணை?”

கிருஷ்ணராஜ் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். “நாலு பேர் வாசிக்கிற புத்தகம், தங்கச்சி. போக்குவரத்துத் துறை எண்டு போட்டிருக்கிறன். அதுக்குள்ளை லொறியும் அடங்கும்.”

“அதுக்குள்ளை ரெயினும் அடங்கும், கப்பலும் அடங்கும். அவர் ஓட்டினது லொறி.”

மூத்தவன் கஜேந்திரன் மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கினான். கனடாவிலிருந்து வந்து நிற்கிறான். பகலில் தகப்பனுக்குக் கடமை, மற்ற நேரம் கனடாக் கந்தோருக்குக் கடமை. மாமா எழுதியது நல்ல தரமாக இருப்பதாகவும், புத்தகம் தன்னுடைய மாமியார் வீட்டுக்கும் போகும் என்றும் சொன்னான். அந்த மாமியார் வீட்டுக்குத் தகப்பன் ‘ட்ரான்ஸ்போர்ட் பிஸ்னஸ்’ செய்தவர் என்று கல்யாணத்தின்போது சொல்லியிருந்தது சிவமணிக்கும் தெரியும். மகள் மயூரி மட்டும் தாயின் கையைப் பிடித்து மெதுவாக உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். மாமா பாவம், மினைக்கெட்டு எழுதியிருக்கிறார், அந்தியேட்டி நேரத்தில் சண்டை வேண்டாம் என்றாள்.

மினைக்கெட்டு எழுதியிருக்கிறார். உலகத்தில் மினைக்கெட்டுச் செய்த அநியாயங்களுக்கெல்லாம் இந்த ஒரு சமாதானம் போதும்.

நாகேந்திரம் முழுக்க முழுக்க லொறிக்காரன். யாழ்ப்பாணத்து வெங்காயத்தைக் கொழும்புப் புறக்கோட்டைக்கும், புறக்கோட்டைச் சாமானை யாழ்ப்பாணத்துக்கும் ஏற்றி இறக்கினவர். அளவெட்டியில் தலைமை வாத்தியார் வீடு கட்டியபோது சீமெந்து இறக்க வந்தார். வாத்தியாரின் மகள் சிவமணி, சிங்களப் பொடியனான கிளீனர் நிமலுக்குத் தண்ணீர் கொடுக்க வெளியே வந்தாள். மூன்றாம் நடை வந்தபோது தண்ணீர் கொண்டுவந்தாள், ஆனால் அதை நிமல் குடிக்கவில்லை. நாலாம் நடை வந்தபோது, எழுபத்தெட்டாம் ஆண்டு, பட்டப்பகலில், செம்பைப் படியில் வைத்துவிட்டு லொறியில் ஏறினாள். கதவு அவ்வளவு உயரம் என்று அவள் நினைத்திருக்கவில்லை. யாரும் கை கொடுக்கவில்லை, தானாகத்தான் ஏறினாள். கொழும்பில் போய் இறங்கியபோது அவளுடைய சேலையில் அடித்த வெங்காய மணம் ஒரு கிழமைக்குப் போகவில்லை. கொட்டாஞ்சேனையில் கல்யாணப் பதிவு நடந்தது. கிருஷ்ணராஜ் எழுதிய ‘பெரியோர்கள்’ என்றால் நிமலும் பதிவாளரின் பியோனும்தான். நிமலுக்கு அப்போது வயது இருபது.

அதற்குப் பிறகு அந்த மனிதனோடு ஒருநாள் சும்மா இருக்கக் கிடைத்ததா? சனிக்கிழமை சவரம் எடுத்துக்கொண்டு நிற்பார்; திடீரென்று “வெளிக்கிடு” என்பார். எங்கே என்று கேட்டால், வழியில் யோசிப்பம் என்பார். மூன்று வயது மயூரியைப் பழப்பெட்டியில் இருத்தி முதுகில் கட்டிக்கொண்டு சிவனொளிபாத மலை ஏறினார். மழை பிடித்தபோது பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிள்ளைக்குக் குடையாக்கினார். போன இடத்திலிருந்து வெறுங்கையோடு வந்ததில்லை. மன்னார்க் கருவாடு, புத்தளத்து உப்பு, ஒருமுறை சிங்களத்தில் மட்டும் தூஷணம் பேசிய ஒரு கிளி. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் நிமல் லொறியை ஓட்ட, இவர் பின்னால் வெறும் சாக்குகளுக்கு அடியில் பெண்சாதியையும் பிள்ளையையும் தன் உடம்பால் மூடிக்கொண்டு கிடந்தார். இரண்டு இடத்தில் மறித்தார்கள். இரண்டு இடத்திலும் நிமல் சிரித்துக் கதைத்து வண்டியை எடுத்தான். அதன் பிறகு சாகும்வரை, சித்திரை வருடப்பிறப்புக்கு நிமல் வீட்டில் சாப்பிடாமல் நாகேந்திரம் தன் வீட்டில் சாப்பிட்டதில்லை. இந்தச் சமாச்சாரம் ஒன்றும் போக்குவரத்துத் துறைக்குள் அடங்கவில்லை.

எழுபதாவது பிறந்தநாளுக்கு, வெள்ளவத்தைக் கடலில் தூரத்தில் தெரியும் கல்வரை நீந்திவிட்டு வந்தார். மீன்பிடிகாரப் பொடியள் பயந்துபோய் வள்ளத்தோடு பின்னால் போனார்கள். வள்ளத்தில் ஏறச் சொன்னதற்கு, ஏறினால் பிறந்தநாள் கணக்கில் சேராது என்றாராம். கரைக்கு வந்து இரண்டு இறால் வடை தின்றார். பிறகு இரண்டு நாள் கட்டிலைவிட்டு எழும்பவில்லை. சிவமணி எண்ணெய் போட்டு உருவி உருவிப் பேசினாள். பேச்சு முழுவதையும் கண்ணை மூடி, பாட்டுக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டு கிடந்தார். மாடிவீட்டுப் பிள்ளைகள் எல்லாம் அவரை ‘லொறித் தாத்தா’ என்றுதான் கூப்பிடும். சவப்பெட்டியின் கால்மாட்டில் அதுகள் ஒட்டிவிட்ட லொறிப் படத்தை, கமரா வருவதற்கு முதல் உரித்து எடுத்தவர் கிருஷ்ணராஜ்.

இத்தனைக்கும் பிழைத்த மனிதனை, தொடர்மாடியின் பூச்சாடித் தண்ணீரில் முட்டை இட்ட ஒரு நுளம்பு ஆறே நாளில் கொண்டுபோனது. டெங்கு. அதைக்கூடக் கல்வெட்டில் ‘இறைபதம் எய்தினார்’ என்றுதான் போட்டிருக்கிறது. நுளம்புக்கும் மரியாதை கிடையாது.

கிளாலிதான் சிவமணிக்கு நெஞ்சில் நின்றது. தொண்ணூற்று மூன்றில் வடக்குக்கும் கொழும்புக்கும் தரைவழி இல்லை. கிளாலிக் கடல்நீரேரியை வள்ளத்தில் கடக்கவேண்டும்; வழியில் கடற்படை சுட்டால் சுட்டதுதான். கிருஷ்ணராஜுக்குப் பதவி உயர்வுக்கான நேர்முகப் பரீட்சை கொழும்பில் வந்தது. தனியே வரப் பயம். பதினைந்து வருடமாகத் தங்கச்சியோடு கதைக்காமல் இருந்தவர், அதற்காக ஒரு கடிதம் போட்டார். கடிதத்தில் ‘லொறிக்காரன்’ என்ற சொல் இருக்கவில்லை. ‘உன்னுடையவர்’ என்று இருந்தது. உன்னுடையவர் உடனே வெளிக்கிட்டுப் போய், தண்ணீரைக் கண்டு நடுங்கி நின்ற கிருஷ்ணராஜைத் தோளில் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்து வள்ளத்தில் ஏற்றினார். கொழும்பில் சிவமணி புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் செய்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கிருஷ்ணராஜ் வரவில்லை. லொறிக்காரன் வீட்டில் தங்கினால் ஊரில் என்ன சொல்வார்கள் என்று வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கினார். அந்தப் புட்டை நாகேந்திரம் ஒரே ஆளாக இருந்து சாப்பிட்டார். பகிடி சொல்லிக்கொண்டுதான் சாப்பிட்டார். அதுதான் அவளுக்கு இன்றுவரை ஆறவில்லை.

கஜேந்திரன் இந்த மாடிவீட்டை வாங்கின பிறகுதான் கிருஷ்ணராஜுக்குத் தங்கச்சியின் கைச்சாப்பாடு ருசிக்கத் தொடங்கியது. இப்போது அவர் மலர்க்குழுத் தலைவர்.

கனடாவில் இரண்டு பேரப்பிள்ளைகள் தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்கிறார்கள். அதுகள் அப்பப்பாவைப் பற்றிக் கடைசியில் வாசிக்கப்போவது இந்த நாலு பக்கத்தைத்தான். கோயிலுக்குப் போன, அதிர்ந்து பேசாத, மைத்துனர் சொற்கேட்ட ஒரு ஆள். அப்படி ஒருவரைச் சிவமணிக்குத் தெரியாது. அப்படி ஒருவருக்காக அவள் லொறியில் ஏறியிருக்கவும் மாட்டாள்.

மயூரியின் மகளுடைய பள்ளிக்கூட சீ.ஆர். கொப்பியில் இரண்டு ஒற்றை கிழித்து, அன்று பின்னேரம் இருந்து எழுதினாள். ‘அன்னார்’ என்று ஒரு இடத்திலும் போடவில்லை. மயூரியிடம் கொடுத்து அச்சகத்துக்கு அனுப்பச் சொன்னாள். மயூரி வாசித்தாள், வாசிக்கும்போது இரண்டு தரம் சிரித்தாள், ஒருதரம் மூக்கைத் துடைத்தாள். பிறகு, தமையனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். தமையன் மாமாவைக் கேட்டான். மாமா, ஆண்டுத் திவசத்துக்கு வேறு ஒரு மலர் அடிக்கலாம், இது அதில் சேரட்டும் என்று தீர்ப்புச் சொன்னார். கச்சேரியில் கடதாசிக் கோவைகளைக் கொல்லும் விதம் அதுதான்: இல்லை என்று சொல்வதில்லை, பிறகு என்பார்கள்.

இருபத்தேழாம் நாள் காலை, காணி உறுதி விஷயமாக ஒரு சட்டத்தரணியைப் பார்க்கக் கஜேந்திரனும் கிருஷ்ணராஜும் புதுக்கடைக்குப் போனார்கள். மயூரி வேலைக்குப் போய்விட்டாள். அச்சகத்திலிருந்து வந்த மாதிரிப் பிரதி மேசையில் கிடந்தது. மேலே கொட்டாஞ்சேனை விலாசம். பகல் பன்னிரண்டுக்குப் பிறகு அச்சுக்கு ஏறும் என்று ஒரு குறிப்பு. கீழே கிருஷ்ணராஜின் கையொப்பம், திகதியுடன்.

புருஷன் செத்த பெண் அந்தியேட்டிக்கு முதல் வாசற்படி தாண்டுவதில்லை. சிவமணி அந்தப் படியைப் பார்த்தாள். லொறிப்படி இதைவிட உயரம்.

நாற்பத்தாறு வருடம் கொழும்பில் இருந்தும் அவள் தனியே பஸ் ஏறியதில்லை. ஒன்றில் லொறி, இல்லாவிட்டால் அவருடைய மோட்டார்சைக்கிள். காலி வீதியில் நின்று, கொண்டக்டர் “பிட்டக்கொட்டுவ, பிட்டக்கொட்டுவ” என்று புறக்கோட்டையைச் சிங்களத்தில் கத்திய பஸ்ஸில் ஏறினாள். பம்பலப்பிட்டி தாண்டும்போது எதிர்வீட்டு றீச்சர் ஒருவர் ஏறி, இவளைக் கண்டு திகைத்து, சுகமா என்றும் கேட்க முடியாமல், எங்கே போகிறீர்கள் என்றும் கேட்க முடியாமல் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பின்னேரத்துக்குள் தொடர்மாடி முழுக்கத் தெரிந்துவிடும். தெரியட்டும். எழுபத்தெட்டில் அளவெட்டிக்குத் தெரிந்ததைவிடவா.

புறக்கோட்டையில் இறங்கி ஓட்டோ பிடித்தாள். அச்சகம் ஒரு தையல்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. கணினிக்கு முன்னால் இருந்தவள் பெயர் றோஸி. நாற்பது வயது மட்டில், கழுத்தில் சிலுவை, கையில் பாதி தின்ற பணிஸ். கொட்டாஞ்சேனைச் சாவு எல்லாம் அவளுடைய விரலால்தான் அச்சேறுகிறது. கொப்பி ஒற்றையை நீட்டி, வாழ்க்கை வரலாற்றை எடுத்துவிட்டு இதைப் போடவேண்டும் என்றாள் சிவமணி. யார் என்று கேட்டபோது, செத்தவரின் பெண்சாதி என்றாள்.

றோஸி பணிஸைக் கீழே வைத்தாள். “அன்ரி நீங்களா வந்தீங்க? முப்பத்தொண்டு இன்னும் முடியல்லயே.”

“முடிஞ்சாப்பிறகு வந்தால் புத்தகமும் முடிஞ்சிடும், பிள்ளை.”

றோஸி திரையில் பக்கத்தைத் திறந்தாள். ஒப்பம் வைத்தவர் கிருஷ்ணராஜ், அவரைக் கேட்காமல் மாற்றினால் தனக்குப் பிரச்சினை வரும் என்று இழுத்தாள். இழுத்துக்கொண்டே, தனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது என்றாள்.

“அங்கிள் போஸ்ட் மாஸ்டரா இருந்தவரா, அன்ரி?”

“ஆர்?”

றோஸி விரலால் காட்டினாள். மூன்றாம் பக்கத்தில், கிருஷ்ணராஜின் வாசிப்பில் சிவமணி எழும்பி வந்து குழப்பியதால் கேட்காமற் போன இடத்தில், அன்னார் தபாலதிபராகக் கடமையாற்றிய காலத்தில் மக்களின் நன்மதிப்பைப் பெற்றார் என்று இருந்தது. றோஸி லாச்சியைத் திறந்து வேறு ஒரு கல்வெட்டை எடுத்துப் போட்டாள். போன மாதம் தெகிவளையில் செத்த ஒரு தபாலதிபருடையது. சைவமும் தமிழும் தழைத்தோங்கியது. அன்னார் நாள் தவறாது ஆலயம் தொழுதார். அதிர்ந்து பேசியறியார். கிருஷ்ணராஜ் மினைக்கெட்டதெல்லாம் பெயரையும் ஊரையும் மாற்றியதும், தன்னை உள்ளே செருகியதும்தான். பதவியை ஒரு இடத்தில் மாற்ற மறந்துவிட்டார்.

இருபத்தேழு நாளில் சிவமணி முதல்முறையாகச் சிரித்தாள். சிரிப்பு நிற்கமாட்டாமல் வந்தது; றோஸி தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.

“தபாலுக்கும் அவருக்கும் இருந்த தொடர்பு ஒண்டுதான், பிள்ளை. வவுனியாவிலை ஒருக்கா லொறியாலை தபால்பெட்டியை இடிச்சவர்.”

பிறகு சிரிப்பை விட்டுவிட்டுக் கேட்டாள்: “சொல்லு, செத்தது ஆற்றை மனுசன்?”

றோஸி கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு தட்டத் தொடங்கினாள். பாதியில் நிறுத்தி, மற்றதில் ஒன்றையும் வைத்துக்கொள்ள வேண்டாமா என்று கேட்டாள். சிவமணி கொஞ்சம் யோசித்தாள். அந்தியேட்டி அன்று சபையில் வரலாற்றை வாசிக்கப்போவது கிருஷ்ணராஜ். அது நிகழ்ச்சிநிரலில் முதலே போட்டாயிற்று.

“அந்த முதல் வரி இருக்கட்டும். அது அண்ணைக்கு நல்லா வாசிக்க வரும்.”

முப்பத்தோராம் நாள், காலையில் முகத்துவாரக் கடற்கரையில் கிரியை முடிந்தது. மதியம் வெள்ளவத்தையில் ஒரு மண்டபம். நூற்றைம்பது பேர் மட்டில். புத்தகங்கள் காலையில்தான் அச்சகத்திலிருந்து பெட்டியில் வந்து இறங்கின. அட்டைப்படம் நன்றாக வந்திருக்கிறது என்று கிருஷ்ணராஜ் திருப்திப்பட்டார். உள்ளே பார்க்கவில்லை. ஒப்பம் வைத்த கோவையைத் திரும்பத் திறந்து பார்க்கும் பழக்கம் அவருக்கு உத்தியோகத்திலும் இருந்ததில்லை. கஜேந்திரன் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தான். அதற்குள் கனடாவில் பெண்சாதியும் பிள்ளைகளும் மாமியாரும். முன்வரிசைக் கரையில், யாரும் அழைக்காமலே, நரைத்த தலையோடு நிமல் வந்து இருந்தான்.

கிருஷ்ணராஜ் ஒலிவாங்கியின் முன் போய், புத்தகத்தை விரித்து, தொண்டையைச் செருமினார்.

“சைவமும் தமிழும் தழைத்தோங்கும் அளவெட்டிப் பதியின் மருகராய் வந்து வாய்த்த அன்னார்...” நல்ல கம்பீரம். அந்தக் கம்பீரம் ஓடிய வேகத்தில் அடுத்த வரியும் வந்துவிட்டது. “லொறி ஓட்டினார்.”

மண்டபத்தில் யாரோ சிரித்து, உடனே இருமலாக்கினார்கள். கிருஷ்ணராஜ் புத்தகத்தைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். பக்கத்தைத் திருப்பினார், திரும்ப வந்தார். கஜேந்திரனைப் பார்த்தார், கஜேந்திரன் கைப்பேசியைத் தாழ்த்தப் போக, மயூரி அவனுடைய முழங்கையைப் பிடித்து மேலே தூக்கிவிட்டாள்.

“வாசியுங்கோ அண்ணை,” என்றாள் சிவமணி, இருந்த இடத்திலிருந்தே.

கண் தெளிவில்லை என்று சொல்லி இறங்கியிருக்கலாம். நூற்றைம்பது பேரின் கையிலும் அதே பக்கம் விரிந்து கிடந்தது. அவர் வாசித்தார். ‘நான் அவருடைய லொறியில் நானாகத்தான் ஏறினேன். எங்கள் கல்யாணத்துக்குப் பெரியவர்கள் வரவில்லை, நிமல் வந்தார்.’ முன்வரிசையில் நிமலுக்குத் தன் பெயர் மட்டும் விளங்கியது. பக்கத்தில் இருந்தவரிடம் சிங்களத்தில் கேட்டு, கேட்டதும் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். கிருஷ்ணராஜ் பழப்பெட்டியை வாசித்தார், கிளியை வாசித்தார், தபால்பெட்டியையும் வாசித்தார். கிளி வந்த இடத்தில் கைப்பேசிக்குள்ளிருந்து இரண்டு சின்னக் குரல்கள் சிரித்தன. குரலில் இருந்த கச்சேரி மெல்ல மெல்லக் கழன்றது.

‘தொண்ணூற்று மூன்றில் என்னுடைய தமையனாரைக் கிளாலியில் தோளில் தூக்கிக்கொண்டுபோய் வள்ளத்தில் ஏற்றினார். தமையனாரின் செருப்பு ஒன்று தண்ணீரில் போய்விட்டது. இவர் தன்னுடைய செருப்பைக் கொடுத்துவிட்டுக் கொழும்புவரை வெறுங்காலோடு வந்தார்.’

கிருஷ்ணராஜ் நின்றார். ஒலிவாங்கியில் அவருடைய மூச்சுக் கேட்டது. சேர்ட் பையிலிருந்த பேனையை, பழக்கதோஷத்தில், கை தேடியது.

“ஒண்டில்லை,” என்றார் புத்தகத்தைப் பார்த்தபடியே. “ரெண்டு செருப்பும் போனது.”

அதுவரை அந்த மனிதன் நாகேந்திரத்தைப் பற்றி வாயால் சொன்ன ஒரே உண்மை அதுதான். அதுவும் பிழை திருத்தமாக.

அடுத்த வரி லொட்ஜ். அது அங்கே, பக்கத்தின் மேலேயே, அவருக்காகக் காத்துக்கொண்டு நின்றது. அவருடைய உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. சிவமணி அந்த உதட்டைப் பார்த்தாள். முப்பத்தொரு வருடத்துக்கு முதல் ஆறிப்போன புட்டு ஞாபகம் வந்தது. அதைப் பகிடி சொல்லிச் சொல்லித் தின்ற ஆளும் ஞாபகம் வந்தார்.

அவள் எழும்பினாள்.

“வாசிச்சது காணும் அண்ணை, சாப்பாடு ஆறுது,” என்றாள். “மிச்சத்தை அவையவை வீட்டை கொண்டுபோய் வாசிப்பினம்.”